வானத்தில் ஒரு கண், கரையில் ஒரு சொல்



ஆகாயத்தில் விமானம் ஒன்று இரைந்து செல்லும்போது மானிப்பாய்ப் பகுதி மக்களின் நினைவுக்கு முதலில் வருவது மகிழ்ச்சியான காரியமன்று. 1995ஆம் ஆண்டு யூலை 9ஆம் திகதி, இடம்பெயர்ந்து வந்து நவாலி புனித பேதுரு தேவாலயத்திலும் அயலிலும் தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மீது விமானக் குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்நாளை அறிந்தவர்கள் இன்றும் இரைச்சல் கேட்டால் ஒரு கணம் நின்றுதான் மறுவேலை பார்க்கிறார்கள். இதைக் குறை சொல்ல யாராலும் இயலாது.

ஆனால் வானத்தில் செல்லும் விமானங்களுள் வேறொரு காரியத்துக்காகப் பறப்பனவும் உண்டு. கரைக்கு அப்பால் நூற்றுக்கணக்கான மைல் தூரம் சென்று, கடலை மேலும் கீழுமாகத் துழாவி, கவிழ்ந்த படகையும் மிதக்கும் மனிதனையும் தேடுவதே அவற்றின் வேலை. காக்கைதீவு, நாவாந்துறை, குருநகர், பாஷையூர் என்று நமது கரையெங்கும் கடலை நம்பி வாழும் குடும்பங்கள் உள்ளன. மானிப்பாய்ச் சந்தையில் மீன் வாங்கும் வீடுகள் எல்லாம் அவர்களுடைய உழைப்பை உண்கின்றன. ஆகவே இந்தத் தேடும் விமானங்கள் என்ன செய்ய வல்லன, என்ன செய்ய மாட்டா என்பதை நாம் அறிந்துவைத்தல் நன்று. அவற்றின் வெற்றியில் பாதி கரையிலிருக்கும் நம்முடைய கையில் இருக்கிறது என்பதே இந்த வாரம் நாம் படிக்கப்போகும் பாடம்.

உயரத்தின் பயன்

படகில் எழுந்து நிற்கும் ஒருவரின் கண் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2 மீற்றர் உயரத்தில் இருக்கும். பூமி உருண்டையாதலால் அவருக்குத் தெரியும் அடிவானம் 5 கிலோமீற்றர் தூரத்தில் முடிந்துவிடுகிறது. அதே மனிதர் 300 மீற்றர் உயரத்தில் பறக்கும் விமானத்தில் இருந்தால் அடிவானம் 60 கிலோமீற்றருக்கு அப்பால் போய்விடும். உயரம் கூடக் கூடப் பார்வை விரிகிறது.

பார்வை விரிந்தால் மட்டும் போதுமா? அடிவானம் தெரிவது வேறு. அலைகளின் நடுவே ஒரு மனிதனின் தலை தெரிவது வேறு. காற்றடிக்கும் நாளில் ஒவ்வோர் அலையின் உச்சியிலும் வெண்ணுரை எழும். வெள்ளைப் படகும் அந்த நுரையும் மேலிருந்து ஒன்றுபோலவே தோன்றும். அதனால் தேடும் விமானம் தாழப் பறந்து, வயலை உழுபவர் சாலுக்குச் சால் உழுவதுபோல, கடலைக் கோடு கோடாகப் பிரித்துத் தேட வேண்டியிருக்கிறது. இதற்கு நெடுநேரம் பறக்கக்கூடிய விமானம் தேவை. வேகமாகப் போய் உடனே திரும்பும் விமானத்தால் இந்த வேலை ஆகாது.

கொக்கலை வாவியிலிருந்து எழுந்த விமானம்

இத்தகைய விமானத்தின் அருமையை உலகம் கண்ட இடங்களுள் நமது தீவும் ஒன்று. இரண்டாம் உலகப் போரின்போது காலிக்கு அண்மையிலுள்ள கொக்கலை வாவியில் கற்றலினா எனப்படும் பறக்கும் படகுகள் நிறுத்தப்பட்டிருந்தன. தண்ணீரிலிருந்து எழுந்து தண்ணீரிலேயே இறங்கும் அவை, இருபது மணி நேரத்துக்கு மேலாகவும் வானில் தங்கக்கூடியவை.

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் திகதி பெரிய சனி. கனேடிய விமானப்படையின் 413ஆம் அணியைச் சேர்ந்த லெனாட் பேர்ச்சல் என்பவர் தம் குழுவினருடன் கொக்கலையிலிருந்து அதிகாலையில் புறப்பட்டு, நாள் முழுவதும் தென்கடலைக் காவல் செய்தார். பொழுது சாயும் வேளையில் தொலைவில் சில புள்ளிகள் தெரிந்தன. அருகே சென்று பார்த்தபோது, இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த யப்பானியப் பெருங்கடற்படை அது என்று கண்டனர். உடனே வானொலியில் செய்தி அனுப்பத் தொடங்கினர். அனுப்பிக்கொண்டிருக்கும்போதே யப்பானிய விமானங்கள் அவர்களைச் சுட்டு வீழ்த்தின. ஒன்பது பேருள் மூவர் இறந்தனர், அறுவர் சிறைப்பட்டனர். ஆனாலும் செய்தி கொழும்பை எட்டிவிட்டது. மறுநாள் உயிர்த்த ஞாயிறன்று கொழும்பு தாக்கப்பட்டபோது, துறைமுகத்திலிருந்த கப்பல்களிற் பல ஏற்கனவே வெளியேறியிருந்தன. பேர்ச்சலுக்கு "இலங்கையின் இரட்சகர்" என்ற பட்டப்பெயர் நிலைத்தது.

அந்த விமானம் எதிரியின் கப்பல் எதையும் மூழ்கடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அது செய்தது இரண்டே காரியங்கள்: கண்டது, சொன்னது. சொல்லாமல் கண்டிருந்தால் அந்த உயிர்த்தியாகம் வீணாகியிருக்கும்.

அதே ஞாயிறன்று இலங்கைக்குத் தெற்கே டோசெற்ஷயர், கோண்வால் என்ற இரு பிரித்தானியப் போர்க்கப்பல்கள் மூழ்கின. அவற்றிலிருந்த 1,100க்கும் அதிகமானோர் மறுநாள் வேறு கப்பல்கள் வந்து தூக்கும்வரை கடலில் மிதந்து உயிர் தப்பினர். மனிதன் கடலில் ஒரு நாளுக்கு மேலும் தாக்குப்பிடிப்பான் என்பதற்கு இது சான்று. மீட்க வருபவர்கள் அவன் இருக்கும் இடத்துக்கு வர வேண்டும், அவ்வளவுதான்.

பின்னர் 1943 முதல் 1945 வரை கொக்கலைக்கும் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்குமிடையே கற்றலினாக்கள் இடைநில்லாமற் பறந்தன. ஒரு பயணத்துக்கு 27 முதல் 33 மணி நேரம் எடுத்தது. ஒரே பயணத்தில் சூரிய உதயத்தை இருமுறை காணலாம் என்பதால் "இரட்டைச் சூரியோதயம்" என்று அதற்குப் பெயர் வந்தது.

இன்றைய கண்கள்

இன்று தமிழ் மண்ணில் இவ்வகை விமானங்களின் பெரிய தளம் அரக்கோணத்தில் உள்ளது. இந்தியக் கடற்படையின் ராஜாளித் தளம் அது. அங்கிருந்து நெடுங்காலம் பறந்த ருஷ்ய டியூ-142 விமானங்கள் 2017 மார்ச்சில் ஓய்வு பெற்றன. அவற்றின் இடத்தை நிரப்பிய பீ-8ஐ விமானங்களுள் முதலாவது 2013 மேயில் அரக்கோணத்தில் வந்திறங்கியது. போயிங் 737 பயணிகள் விமானத்தின் உடலமைப்பைத் தழுவியது அது. சுமார் 2,200 கிலோமீற்றர் தூரம் சென்று, அங்கே நான்கு மணி நேரம் சுற்றித் தேடி, மீண்டும் தளத்துக்குத் திரும்பக்கூடியது.

இவற்றில் இருட்டிலும் முகிலுக்கூடாகவும் கப்பலைக் காட்டும் ராடார் உண்டு. உடலின் சூட்டைக் கொண்டு பொருளை அறியும் கமரா உண்டு. நீர்மூழ்கிக் கப்பலின் ஓசையைக் கேட்கக் கடலில் எறியும் மிதவைகள் உண்டு. ஆபத்தில் இருப்போருக்குக் காற்றடைத்த தெப்பமும் தண்ணீரும் மேலிருந்து போடவும் முடியும். ஒன்றை மட்டும் இவற்றாற் செய்ய இயலாது: கடலில் இறங்கி மனிதனைத் தூக்க இயலாது. விமானம் கண்டு சொல்ல, கப்பலோ, படகோ, ஹெலிகொப்டரோ சென்று தூக்க வேண்டும்.

இலங்கையின் பொறுப்பில் விடப்பட்டுள்ள தேடுதல் மீட்புக் கடற்பரப்பு, தீவின் நிலப்பரப்பைப் போல் ஏறத்தாழ 27 மடங்கு. கொழும்பில் கடற்படையினர் நடத்தும் மீட்பு இணைப்பு நிலையம் அதனைக் கவனிக்கிறது. கடற்காவலுக்கென 2022 ஓகஸ்ட் 15இல் இந்தியா ஒரு டோனியர் 228 விமானத்தை இலங்கைக்குக் கையளித்தது. 2024இல் அமெரிக்கா ஒரு கிங் ஏர் விமானத்தை வழங்கியது.

காவல் என்பதும் மீட்பு என்பதும் ஒரே விமானத்தின் இரு வேலைகள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. எல்லை தாண்டும் றோலரைத் தேடுவதும், கள்ளக்கடத்தலைப் பிடிப்பதும், மூழ்குபவனைக் கண்டுபிடிப்பதும் அதே கண்தான். ஆனால் 1979இல் ஹம்பேர்க் நகரில் செய்யப்பட்ட உலக நாடுகளின் உடன்படிக்கை ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. கடலில் ஆபத்தில் இருப்பவன் எந்த நாட்டவன், எந்த நிலைமையில் இருப்பவன் என்று பாராமல் அவனுக்கு உதவி செய்ய வேண்டும். விசாரணை எல்லாம் கரைக்கு வந்த பிறகுதான்.

நேரம் என்ற பகைவன்

இனி ஒரு சிறு கணக்குப் போடுவோம். பிள்ளைகள் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளலாம்.

இயந்திரம் பழுதான படகு ஒன்று மணிக்கு 3 கிலோமீற்றர் வீதம் காற்றாலும் நீரோட்டத்தாலும் இழுபடுகிறது. எந்தத் திசையில் என்று தெரியாது. ஒரு மணி நேரத்தில் அது 3 கிலோமீற்றர் ஆரையுள்ள வட்டத்துக்குள் எங்கோ இருக்கும். அந்த வட்டத்தின் பரப்பு 28 சதுர கிலோமீற்றர். நான்கு மணி நேரம் சென்றால் பரப்பு 450 சதுர கிலோமீற்றரைத் தாண்டும். ஒரு நாள் முழுவதும் கழிந்தால் ஆரை 72 கிலோமீற்றர். பரப்பு 16,000 சதுர கிலோமீற்றருக்கு மேல். யாழ்ப்பாண மாவட்டம் முழுவதும் ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீற்றர். அதாவது ஒரு நாள் தாமதித்தால், பதினாறு யாழ்ப்பாண மாவட்டங்களுக்குள் ஒரு படகைத் தேட வேண்டும்.

படகொன்று மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் சென்று, ஒரு கிலோமீற்றர் அகலத்தைப் பார்த்துக்கொண்டு போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு அந்தப் பரப்பைப் பார்த்து முடிக்க 1,000 மணி நேரத்துக்கு மேலாகும். விமானம் மணிக்கு 400 கிலோமீற்றர் வேகத்தில் 2 கிலோமீற்றர் அகலத்தைப் பார்த்துச் சென்றால் ஏறத்தாழ 20 மணி நேரம் போதும். விமானத்தின் அருமை இதில் தெரிகிறது. ஆனால் முதல் மணி நேரத்திலேயே செய்தி கிடைத்திருந்தால் அதே விமானத்துக்குச் சில நிமிடங்களே போதுமாயிருக்கும். எவ்வளவு சிறந்த விமானமும் இழந்த நேரத்தை முழுவதாகத் திருப்பித் தருவதில்லை.

செய்தி இல்லாதபோது

2014 மார்ச் 8ஆம் திகதி 239 பேருடன் மறைந்த மலேசிய விமானத்தின் கதை உங்களுக்கு நினைவிருக்கும். அது எங்கே வீழ்ந்தது என்று எவருக்கும் தெரியவில்லை. பேர்த் நகருக்கு அண்மையிலுள்ள தளத்திலிருந்து பல நாட்டு விமானங்கள் சுமார் 2,500 கிலோமீற்றர் தூரம் பறந்து சென்றன. போகவும் வரவும் பெரும்பகுதி எரிபொருள் செலவானதால், சில விமானங்களால் அங்கே இரண்டு மணி நேரமே தேட முடிந்தது. வாரக்கணக்காகத் தேடியும் கடற்பரப்பில் ஒன்றும் அகப்படவில்லை. உலகின் மிகச் சிறந்த கண்கள் எல்லாம் கூடியிருந்தும், எங்கே பார்ப்பது என்பதைச் சொல்ல ஒருவரும் இல்லை.

நமக்கு இன்னும் நெருங்கிய துயரம் ஒக்கிப் புயல். 2017 நவம்பர் இறுதியில் இலங்கைக்கு அருகே உருவாகி, 30ஆம் திகதி கன்னியாகுமரிக் கடலைத் தாக்கியது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய கத்தோலிக்கக் கடற்கரை ஊர்களின் மக்கள் அப்போது ஆழ்கடலில் இருந்தனர். பலர் பல நாட்களுக்கு முன்னரே புறப்பட்டவர்கள். புயல் எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. கடற்படையும் கடலோரக் காவற்படையும் கப்பல்களையும் விமானங்களையும் அனுப்பின. பீ-8ஐ விமானங்களும் சென்றன. பலர் மீட்கப்பட்டனர். ஆயினும் நூற்றுக்கு மேற்பட்ட குமரி மீனவர் திரும்பவேயில்லை.

அந்த நாட்களில் எழுந்த பெரிய கேள்வி: காணாமற்போனவர் எத்தனை பேர்? அரசாங்கத்தின் கணக்கும் பங்குகளின் கணக்கும் ஒத்துப்போகவில்லை. எந்தப் படகில் யார் யார் போனார்கள் என்பது எங்கும் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கவில்லை. பங்குத் தந்தையரும் ஊரவரும் வீடு வீடாகச் சென்று பெயர்களைச் சேர்த்தார்கள். எந்த இடத்தில் மீன்பிடிப்பது வழக்கம் என்பதை அறிந்த மீனவரே தேடும் கப்பல்களில் ஏறி வழிகாட்டினார்கள். அறிவு அனைத்தும் ஊரில் இருந்தது. ஆனால் அது வேளைக்கு ஓரிடத்தில் எழுத்தாக இருக்கவில்லை.

செய்தி கிடைத்தபோது

மறுபக்கத்தையும் பாருங்கள். 2018 செப்ரெம்பரில், பாய்மரப் படகில் தனியே உலகைச் சுற்றிய இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியின் படகு தென்னிந்தியப் பெருங்கடலின் நடுவே புயலில் சிக்கிப் பாய்மரங்களை இழந்தது. முதுகெலும்பு அடிபட்டு அவரால் எழுந்திருக்கவும் முடியவில்லை. அவரிருந்த இடம் பேர்த் நகரிலிருந்து ஏறத்தாழ 3,500 கிலோமீற்றர் தூரம். ஆனால் அவரிடம் செய்மதி வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகள் இருந்தன. இருப்பிடம் கரைக்குத் தெரிந்தது. மொரீசியஸ் தீவிலிருந்து சென்ற பீ-8ஐ விமானம் படகைக் கண்டது. மறுநாள் ஒசிரிஸ் என்ற பிரெஞ்சுக் கப்பல் அவரை உயிருடன் தூக்கியது. உலகின் மிகத் தனிமையான கடலில், ஒரேயொரு மனிதன், மூன்று நாட்களில் மீட்கப்பட்டான்.

2022 நவம்பரில் 303 இலங்கையரை ஏற்றிச் சென்ற லேடி ஆர் 3 என்ற கப்பல் வியட்நாமுக்கும் பிலிப்பைன்சுக்கும் இடையே ஆபத்தில் சிக்கியது. அவர்களுள் தமிழர் பலர். கப்பலிலிருந்த ஒருவர் இலங்கைக் கடற்படைக்குத் தகவல் கொடுத்தார். கொழும்பு நிலையம் சிங்கப்பூருக்கும் அயல்நாடுகளுக்கும் அறிவித்தது. அண்மையிற் சென்ற ஹீலியோஸ் லீடர் என்ற யப்பானியக் கப்பல் அவர்கள் அனைவரையும் ஏற்றி வியட்நாம் கரையில் இறக்கியது. ஒருவர் சொன்ன சொல் 303 பேரைக் காத்தது.

அடுத்த மாதமே, மியன்மாரிலிருந்து தப்பிய ரொகிங்கியா மக்கள் நூற்றுக்கு மேற்பட்டோருடன் ஒரு படகு வெற்றிலைக்கேணிக்கு அப்பால் அலைந்துகொண்டிருந்தது. அதை முதலிற் கண்டவர்கள் நமது கடற்றொழிலாளர். அவர்களைக் கடற்படையினர் காங்கேசன்துறைக்குக் கொண்டுவந்தனர். அங்கே வானத்துக் கண் தேவைப்படவில்லை. மனிதக் கண்ணும் சொல்ல மனமும் போதுமாயிருந்தன.

நம் வீடுகளில் செய்ய வேண்டியவை

தொழிலுக்குப் போகிறவர் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் சுவரில் ஒரு கொப்பி தொங்கட்டும். படகின் பெயர், பதிவு இலக்கம், நிறம், உடன் செல்வோரின் பெயர்கள், புறப்பட்ட நேரம், எந்தப் பக்கம் போவதாக எண்ணம், எத்தனை மணிக்குத் திரும்புவார், கைத்தொலைபேசி இலக்கம். இந்த எட்டையும் ஒரு வரியில் எழுதிவிடலாம். எழுதுவதற்குப் பள்ளிப்பிள்ளையே போதும்.

படகிலே உயிர்காப்பு அங்கியோடு, செம்மஞ்சள் நிறத்தில் அகன்ற துணியொன்றும் சிறு முகக்கண்ணாடியொன்றும் இருக்கட்டும். வெயிலில் கண்ணாடியின் மின்னல் விமானத்துக்குப் பல மைல் தூரத்திலிருந்தே தெரியும். வசதியுள்ளவர்கள் 406 மெகாஹேர்ட்ஸ் அபாய அறிவிப்புக் கருவி வாங்கலாம். 1982 முதல் உயிர்களைக் காத்துவரும் செய்மதி அமைப்பொன்று அதன் குரலைக் கேட்டு இடத்தைச் சொல்லிவிடும். படகு கவிழ்ந்தாலும் அதைவிட்டு நீந்திப் போக வேண்டாம். மேலிருந்து தேடுபவருக்கு மனிதனைவிடப் படகு பெரிது.

எல்லாவற்றிலும் கடினமானது, வேளைக்குச் சொல்வது. குறித்த நேரம் கடந்ததும் வீட்டிலே என்ன நடக்கிறது? "இன்னும் ஒரு மணி பார்ப்போம், பக்கத்துத் துறையில் ஏறியிருப்பார்" என்கிறார் ஒருவர். "வீணாக ஊரைக் கூட்டாதே" என்கிறார் மற்றவர். தாயும் மனைவியும் வாசலில் நின்றபடி விடிய விடுகிறார்கள். போட்ட கணக்கை நினையுங்கள்: அந்த ஒவ்வொரு மணிக்கும் வட்டம் விரிந்துகொண்டே போகிறது. திரும்பி வந்தவர் சிரித்தால் சிரிக்கட்டும். அதைவிட நல்ல சிரிப்பு வேறில்லை.

இன்னொரு தயக்கமும் நமது பகுதியில் உண்டு. கடற்படை, பொலிஸ், விமானப்படை என்றால் வாய் அடைத்துப்போகிறது. அந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்பது நமக்குத் தெரியும். அதை மறக்கும்படி எவரிடமும் கேட்கும் உரிமை நமக்கில்லை. ஆனால் அந்த அச்சத்தின் விலையைக் கடலில் மிதப்பவன் கொடுக்கலாகாது. நேரே சொல்ல மனமில்லையேல் கடற்றொழிலாளர் சங்கத் தலைவரிடமோ பங்குத் தந்தையிடமோ உடனே சொல்லுங்கள். இரவு எத்தனை மணியாயினும் அறைவீட்டுக் கதவைத் தட்டுங்கள். அவர்கள் கொழும்புக்குச் சொல்லட்டும். தேடுவது அரசின் கடமை. அதைக் கேட்பது நமது உரிமை. காணாமற்போன தம்மவரைத் தேடும்படி ஆண்டுக்கணக்காகக் கேட்டுநிற்கும் தாய்மார் வாழும் மண்ணிலே, உயிரோடு தேடிக் கண்டுபிடிக்கக்கூடிய ஒருவரை மௌனத்தால் இழப்பது பெருங்குற்றமாகும்.

ஆகவே இந்த ஞாயிறு வீட்டிலே குடும்பமாக அமர்ந்து ஒரு காரியம் செய்யுங்கள். நம்மவருள் கடலுக்குப் போகிறவர் யார், அவர் திரும்பாவிட்டால் எத்தனை மணிக்கு, யார், யாரிடம் சொல்வது என்பதைத் தீர்மானித்துக் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதுங்கள். கடலுக்குப் போகாத வீட்டார் அயல்வீட்டுக்கு ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள். எந்தத் திசையில் தேடுவது என்று வானத்துக் கண்ணுக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாமே.